பேசிக்கொண்டே கயிறு இழுத்தவர்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் இறங்கியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஐயா எந்த ஊர்?" என்பது. நாகப்பட்டினம் என்றேன். ஓட்டோக்காரர் கிளப்பிய வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நாகூருக்குக் கிட்டவா?"

"விடியக் கிளம்பினால் நடந்தே போய்விடலாம்."

"எங்கட கடற்கரப் பள்ளியிலயும் நாகூர் நாயகத்துட கொடிதான் ஏத்துற. அப்ப நீங்க வெளியாள் இல்ல" என்று சொல்லி, என் பெட்டியை என் மடியிலிருந்து பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் என் மகள் கயல் சிரித்தாள். "எனக்கு விசா, அழைப்பிதழ் எல்லாம் வேண்டியிருந்தது. உங்களுக்கு ஊர்ப்பேரே போதும் போலிருக்கு அப்பா."

அழைக்கப்பட்டவள் அவள்தான். சென்னையில் உடற்பயிற்சி அறிவியல் கற்பிக்கிறாள். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தின் இறுதியாண்டு மாணவர்களுக்குக் களப்பயிற்சி நடக்கிறது. மாணவர்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்து மருத்துவமனையிலோ, விளையாட்டு மைதானத்திலோ, வேலைத்தலத்திலோ உண்மையான மனிதர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் கூடவே இருந்து பார்ப்பார். முடிவில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார். அந்த வெளித் தேர்வாளராகத்தான் கயல் ஒரு வாரத்துக்கு வந்திருந்தாள். பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற நான் துணைக்கு வந்தேன். துணை யாருக்கு என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

நாங்கள் போனது மாசி மாதம். அங்கே அதற்கு இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. கடற்கரையில் கேட்டால் ஷஃபான் மாதம், நோன்புக்கு முந்திய மாதம் என்றார்கள். வயற்காரரைக் கேட்டால் பெரும்போக அறுவடைக் காலம் என்றார். வங்கியில் மட்டும் ஆங்கிலத் தேதி. காலம் பூராவும் தேதிகளோடு மல்லுக்கட்டிய எனக்கு, ஒரே நாளை மூன்று கணக்கில் வாழும் ஊரை முதல் நாளே பிடித்துப்போனது.

திங்கட்கிழமை மருதமுனைக்குப் போனோம். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. கூடத்துக்குள் பேச வேண்டுமானால் காதருகே வாய் வைக்க வேண்டும். அப்படியிருந்த சத்தம், கறுப்பு அபாயாவும் கால்களில் ஓட்டச் சப்பாத்துமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றதும் படிப்படியாக அடங்கியது.

"வந்துட்டா எங்கட ட்ரில் மாஸ்டர்!" என்றார் தறியிலிருந்து எழுந்த ஒரு பெண்.

அவள் பெயர் ஷிஃப்னா. அக்கரைப்பற்றில் நெல் வியாபாரம் செய்யும் ஒருவரின் மகள். கயல் மதிப்பிட வேண்டிய மாணவி. பெண்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து நெஞ்சை விரித்தார்கள். தறிக்காலைப் பிடித்துக்கொண்டு உடலை மெதுவாகத் திருப்பினார்கள். பிறகு தோள்களைச் சுழற்றினார்கள். கைகளை ஒருவரும் தலைக்கு மேலே தூக்கவில்லை. கயல் அதைக் கவனித்துக் காரணம் கேட்டாள்.

"முதல் கிழம மேல தூக்கிற பயிற்சிதான் குடுத்தேன் மிஸ்" என்றாள் ஷிஃப்னா. கிழமை என்றால் அங்கே வாரம். "ஒருத்தரும் ரெண்டு கையையும் தூக்கல்ல. ஒரு கை மேல, மத்தக் கை முக்காட்டுல. பாதிப் பயிற்சிதான் நடந்த. மறுகா முக்காடு வழுகாத மாதிரி எல்லாத்தையும் மாத்தினேன்."

"அது புள்ளைக்கு விளங்க ஒரு கிழம போச்சு" என்றார் அந்தப் பெண்.

"ஒரு கிழமையில விளங்கிட்டுத்தானே ராத்தா!"

எங்கள் ஊரில் மாலையில் கடற்கரைப் பாதையில் நூற்றுக்கணக்கானோர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது, உங்கள் கை எதுவரை எழும், எதற்காக அதற்குமேல் எழாது என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

பகல் சாப்பாடு அங்கேயே ஒரு வீட்டில். சோறு, பாரைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிக் கருவாட்டுச் சம்பல். கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்கள், தயிர் அசையவில்லை. அதன்மேல் பாணி என்கிற இனிப்புப் பாகை ஊற்றினார்கள். என் சர்க்கரை அளவைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே கிண்ணம் காலியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடியற்கால சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் ஆதம்பாவாவைச் சந்தித்தேன். அறுபதை நெருங்கும் வயது. தோள் இரண்டும் கதவு அகலம். கரைவலைக்காரர். தோணியில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையை, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்து இழுப்பது கரைவலை. எங்கள் ஊரிலும் உண்டு. சிறு வயது முதல் கயிற்றின் முன்வரிசை இவருடையது. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. இப்போது அவருக்குப் பயிற்சி கொடுப்பவளும் ஷிஃப்னாதான்.

எப்போது என்று கேட்டேன்.

"மவ்லூது மாசம்" என்றார் அவர் மனைவி ஸவ்தா. "இந்தப் புள்ள எங்கட ஊட்டுக்கு வந்தது கொடியேத்தம் முடிஞ்ச கிழம."

மவ்லூது மாதம் நபி பிறந்த மாதம், அதனால் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இங்கே கொடி ஏறும் மாதத்தில்தான் நாகூரிலும் கொடி ஏறுகிறது. அப்படியானால் மாரடைப்புக்கும் பயிற்சிக்கும் இடையில் மூன்று மாதம். பயிற்சி தொடங்கி, மழை ஓய்ந்து, இப்போது கடல் அடங்கிவிட்டது. கரைவலைக் காலம் திறக்கப் போகிறது. வருகிற சனிக்கிழமை முதல் வலை.

"வாடியில குந்தி இரிந்து மத்தவன் இழுக்கிறதப் பாக்கிறதெண்டா, அதுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலே நல்லம் ஐயா" என்றார் ஆதம்பாவா. வாடி என்பது மீனவர்கள் கரையில் போடும் ஓலைக்கொட்டில். "போன சீசன் கடைசியில அப்படித்தான் இரிந்தேன். என்ட இடத்துல ஒரு பொடியன் நிக்கான். கயித்தப் புடிக்கிறானா, கயிறு அவனப் புடிச்சிக்கி நிக்கிதா எண்டு தெரியா."

அவர் கயிறு பிடிக்கலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு மருத்துவர் ஷிஃப்னாவின் அறிக்கையைக் கேட்டிருந்தார். புதன்கிழமை ஒரு சோதனை. அதை நடத்தும் விதத்தைப் பார்த்துத்தான் கயலும் ஷிஃப்னாவுக்கு மதிப்பெண் தர வேண்டும்.

அன்றைய நடைப்பயிற்சிக்குக் கிளம்புமுன் ஸவ்தா கணவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினார். ஷிஃப்னா கடிகாரத்தைப் பார்த்து "போதும் மாமி" என்றாள். நெருங்கி நின்றாலும் அவள் அவரைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரிக்குள்ளயெண்டா தொட்டுப் பாக்கிறதுதான்" என்றாள் கயலிடம். "ரோட்டுல மாமாவுக்கு வெக்கம். அதோட நான் போன பொறகு ஆரு எண்ணுற? மாமிதானே. அதால மொதல் நாளே மாமிக்குப் பழக்கினேன்."

நடக்கத் தொடங்கினோம். ஆதம்பாவா பேசிக்கொண்டே நடந்தார். ஒரு தடவை தன் வலையில் பட்ட பாரைமீன்களைப் பற்றிய கதை அது. தொடங்கும்போது நூறு பாரை. பள்ளிவாசலைத் தாண்டும்போது ஒரு லொறி நிறையப் பாரை. ஷிஃப்னா கதையைக் கேட்கவில்லை, கதைக்கு நடுவே வரும் மூச்சைக் கேட்கிறாள் என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது.

"நடக்கக்குள்ள கதைக்க ஏலணும். ஆனா பாட ஏலாம இரிக்கணும்" என்று எனக்கு விளக்கினாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. "பாட ஏலுமெண்டா பயிற்சி காணாது. கதைக்கவே ஏலாட்டி கூடிப் போச்சு."

"நான் இளந்தாரியா இரிக்கக்குள்ளயே பாட்டுப் படிச்சா சனம் எழும்பிப் போயிரும்" என்றார் ஆதம்பாவா.

திரும்பும்போது நானும் அவரும் சற்றுப் பின்தங்கினோம். அவர் கடலைக் காட்டி, "இது ஒரு நாள் எங்கட ஊட்டுக்கு வந்த" என்றார். "எங்கள் வீட்டுக்கும் அதே நாள்தான்" என்றேன். இருவருமே தேதியைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று கயல் மருத்துவமனையில் மற்ற மாணவர்களைப் பார்க்கப் போய்விட்டாள். அக்கரைப்பற்றுச் சந்தையைப் பார்க்கலாம் என்று நான் தனியே பஸ் ஏறினேன். நடத்துநர் கத்திய ஊர்ப்பெயர்களில் எனக்குத் தேவையானதும் இருந்ததாக நினைத்துக்கொண்டேன். காரைதீவுச் சந்தியில் பஸ் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள். முன்னால் ஒரு அறுவடை இயந்திரம் ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு போனது. அதன் பின்னால் நாங்கள் ஊர்வலம் போனோம்.

"அக்கரப்பத்தா? இது அம்பாறைக்கல்லவா போற!" என்றார் நடத்துநர். என்னைவிட அவருக்கு வருத்தம் அதிகம். வீரமுனையில் கோயிலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, எதிரே வந்த நெல் லொறியைக் கைகாட்டி நிறுத்தி, "இந்தியாவுலரிந்து வந்த ஐயா, சந்தியில எறக்கி உடுங்க" என்று என்னை ஒப்படைத்தார். நான் கேட்காத உதவி. நெல் மூட்டைகளின் வாசத்தோடு, ஓட்டுநரின் வீட்டில் என்ன சமையல் என்பதுவரை கேட்டுக்கொண்டே காரைதீவுச் சந்திக்குத் திரும்பினேன்.

உச்சி வெயில். அங்கிருந்து சாய்ந்தமருதுப் பக்கம் ஓட்டோ தேடி நடந்தபோது, மாளிகைக்காட்டில் ஒரு குறுக்குத் தெருவிலிருந்து ஆதம்பாவா வெளியே வந்தார். இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கேன்கள். முழுக்க மணல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் கேன்களை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அவை மறையும் அளவில் இல்லை.

"ஐயா, மகளுக்கிட்ட சொல்லிராதீங்க" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார். "நாளைக்கி அந்தப் புள்ளைக்கிச் சோதன. நான் நல்லா இழுத்தாத்தான் அவ பாஸ். இண்டைக்கி மூணாவது நாள் பழகிறேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

"எனக்கென்ன ஆகிற? கயிறும் கிடைக்கும், புள்ளையும் பாஸாகும்."

அவரை அந்த வெயிலில் நடக்க விடவில்லை. ஓட்டோ பிடித்து, கேன்களைக் கொட்டிவிட்டு, வீட்டு முனையில் இறக்கிவிட்டேன். அவர் கேட்ட சத்தியத்தை நான் செய்யவில்லை. விடுதிக்கு வந்ததும் கயலிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவள் உடனே மேற்பார்வையாளர் மௌஜூதுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் அன்றே ஆதம்பாவாவை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டினார். பயப்பட ஒன்றுமில்லை, இரவு நன்றாகத் தூங்கட்டும், சோதனைக்கு முன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம் மருத்துவர். மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று ஆதம்பாவா மௌஜூதிடமும் கெஞ்சியிருக்கிறார்.

"அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்களேன்" என்றேன் கயலிடம்.

"சொல்ல மாட்டோம் அப்பா. நாளைக்கு அங்கே நானும் இருப்பேன், மௌஜூத் சாரும் இருப்பார். ஆதம்பாவாவுக்கு ஆபத்து வர விடமாட்டோம். அவள் கண்டுபிடிக்காவிட்டால் நாங்கள் நிறுத்திவிடுவோம். ஆனால் அவள் பின்னால் வேலைக்குப் போகிற இடத்தில், இவர் நேற்று வெயிலில் நடந்தார் என்று முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்கிறாளா என்றுதான் நான் பார்க்க வந்திருக்கிறேன்."

அவள் சொன்னதில் குறை காண முடியவில்லை. தூக்கம் மட்டும் வரவில்லை.

புதன்கிழமை காலை, கடற்கரையின் இறுகிய மணலில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு பழைய மீன்பெட்டி. அதில் மணல் மூட்டைகள். பெட்டியில் கட்டிய தடித்த கயிறு. கரைவலை இழுப்பவர்கள் இடுப்பில் மாட்டுகிற பட்டியைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து அதை இழுக்க வேண்டும். மற்ற மாணவர்கள் நோயாளிகளை நடக்க வைத்துத்தான் சோதிக்கிறார்கள். "மாமா நடக்கிறத்துக்கா கடலுக்குப் போறாரு?" என்று கேட்டு, பல நாள் வாடியில் உட்கார்ந்து பார்த்து, ஷிஃப்னா தானே வகுத்த சோதனை இது என்று மௌஜூத் சொன்னார். சொல்லும்போது தன் மாணவியின் பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. கவலையும் தெரிந்தது.

வேடிக்கை பார்க்க வாடியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "காக்கா, பெட்டியோட சேத்து வாடியையும் இழுத்துருங்க!" என்று ஒருவர் கத்தினார். அவர் பெயர் ஜவாத், ஆதம்பாவாவின் மச்சான்; காக்கா என்றால் இங்கே அண்ணன்.

ஷிஃப்னா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். நித்திரை எப்படி? நெஞ்சில் ஏதும் நோவா? எல்லாவற்றுக்கும் "நல்லம், நல்லம்" என்றார் ஆதம்பாவா. ஸவ்தா நாடி எண்ணிச் சொன்னார். ஷிஃப்னா தலை நிமிர்ந்தாள்.

"மாமி, ஒருக்கா இன்னும் எண்ணுங்க."

மறுபடியும் எண்ணினார். உட்கார வைத்து, சற்றுப் பொறுத்து, மூன்றாம் முறையும் எண்ணினார். தினமும் காலையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

"பெரிய மேடம் நிக்கிறா, அந்தப் பயம்" என்றார் ஆதம்பாவா.

அப்படியும் இருக்கலாம். ஷிஃப்னா அவரை மெதுவாக நடக்கச் சொல்லிக் கூடவே நடந்தாள். "மாமா, அந்தப் பாரக் கதையச் சொல்லுங்களன்."

"பார... பட்டிச்சி."

"எவ்வளவு?"

"கன."

நேற்றுக் காலை ஒரு லொறி நிறைந்திருந்த பாரைகள் இன்று 'நிறைய' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிட்டன. ஷிஃப்னா நின்றாள். "மாமி, மாமாட கைய விரிச்சிப் பாருங்க."

ஸவ்தா உள்ளங்கையைத் திருப்பினார். விரல்களின் அடியில் வரிசையாகக் கொப்புளங்கள்.

"அல்லாஹ்வே! தண்ணிக் கேன் ரெண்டையும் காணல்லயெண்டு மூணு நாளா நான் ஊரெல்லாம் தேடுறேன்!" ஸவ்தாவின் குரலில் காகங்கள் எழுந்து பறந்தன. "பக்கத்து ஊட்டுக்காரிய மனசுக்குள்ள ஏசிக்கிட்டுத் திரிஞ்சேனே! கள்ளன் என்ட ஊட்டுக்குள்ளதான் இரிந்திரிக்கான்!"

"மூணு நாளா என்ன மாமா செஞ்சீங்க?" என்று ஷிஃப்னா கேட்டாள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் பெட்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"இண்டைக்கி இழுக்கிற இல்ல."

"புள்ள, உனக்கென்ன பைத்தியமா?" ஆதம்பாவா குரலைத் தாழ்த்தினார், அந்தத் தாழ்ந்த குரலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "மேடம் பாத்துக்கிட்டு நிக்கிறா. உன்ட படிப்பு போயிரும். ஒருக்கா இழுத்துர்றேன். ஒரே ஒருக்கா."

"சோதன எனக்கு மாமா, உங்களுக்கில்ல. போனாப் போகட்டும்." அவள் கயலின் பக்கம் திரும்பினாள். அவிழ்த்த கயிற்றை இறுகப் பிடித்திருந்தாள். "மிஸ், நான் இந்தச் சோதனைய இண்டைக்கி நிப்பாட்டுறேன்."

கயல் முகத்தில் எதையும் காட்டவில்லை. ஏதோ எழுதினாள், பேனாவை மூடினாள். மௌஜூத் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிஃப்னா ஆதம்பாவாவை வாடி நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்களிடமிருந்து விலகிப் போய் மீன்பெட்டியிலிருந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே தூக்கி வெளியே வைத்தாள். உதவிக்குப் போன ஜவாத்தை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

"அந்தப் பெண் தோற்றுவிட்டாளா?" என்று வழியில் கேட்டேன்.

"மதிப்பெண்ணை அப்பாவிடம்கூடச் சொல்லக்கூடாது" என்றாள் கயல். மகளைப் படிக்க வைத்ததற்கு முதல் முறையாக வருந்தினேன்.

வியாழக்கிழமை ஸவ்தா வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஆதம்பாவா சாய்வு நாற்காலியில் சிறைவைக்கப்பட்டிருந்தார். எழுந்து வாசல் வரை வந்தாலே அடுப்படியிலிருந்து "எங்க போற?" என்று குரல் வரும். கேன்கள் இரண்டும் அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தன. இடியப்பமும் நெத்தலிப் பொரியலும் சொதியும் வைத்தார்கள், பிறகு இனிப்புக்கு வட்டிலப்பம். அவர் தட்டில் மட்டும் வட்டிலப்பம் ஒரு விரல் அளவு.

"இதுவும் அந்தப் புள்ளட சட்டந்தான்" என்றார் என்னிடம். பிறகு குரல் மாறியது. "என்னாலதானே ஐயா அவட சோதன கெட்ட? அவட வாப்பா நெல்லுக் கடையில மூட்ட எண்ணிப் படிப்பிச்ச. நான் போய் மண்ணத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சி..." கயிற்றைப் பற்றி அன்று அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டாவது சோதனை வெள்ளிக்கிழமை என்று மௌஜூத் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கரையில் காலையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஜும்ஆ முடிந்து, பகல் சாய்ந்து, அஸர் தொழுத பிறகு கூடினோம். ஸவ்தா எண்ணினார். ஷிஃப்னா தலையாட்டினாள். ஆதம்பாவா பட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்னோக்கி அடி வைத்தார். பெட்டி மணலைக் கீறிக்கொண்டு வந்தது. கதையும் வந்தது. அன்று பாரைகள் இரண்டு லொறி.

"ரெண்டா?" என்றார் ஜவாத். "செவ்வாக்கிழம ஒண்டுதானே காக்கா!"

"ஒண்டு... பஞ்சராகிக் கிடந்த. அதக் கணக்குல சேக்கல்ல!"

ஷிஃப்னா முதல் முறையாகச் சிரித்தாள். குறித்த இடம் வந்ததும் போதும் என்றாள். "பாட்டும் படிக்கவா?" என்று கேட்டார் ஆதம்பாவா. "வேணாம் மாமா, சனம் எழும்பிப் போயிரும்."

மருத்துவரோடு மௌஜூத் தொலைபேசியில் பேசினார். முடிவு, பாதி சந்தோஷம். கயிறு பிடிக்கலாம்; முன்வரிசையில் இல்லை. இந்த மாதம் வால்பக்கம் நின்று, வருகிற கயிற்றைச் சுருட்டலாம், இடையிடையே கையால் இழுக்கலாம். இடுப்புப் பட்டி கூடாது. ஷிஃப்னா கூட இருக்க வேண்டும்.

"வாலா?" என்றார் ஆதம்பாவா. இடுப்புப் பட்டியைக் கழற்றினார். பிறகு கயலிடம் வந்தார். "மேடம், என்ட கத சரி. புள்ளட கத என்ன? இண்டைக்கி நல்லா இழுத்தேன்தானே? இதுக்காவது மார்க்க போடுங்க."

கயல் மௌஜூதைப் பார்த்தாள், அவர் தலையசைத்தார். "அவளுக்கான மதிப்பெண்ணைப் புதன்கிழமையே போட்டுவிட்டேன்" என்றாள் கயல். "கயிற்றை அவிழ்த்தாளே, அப்போதே. இன்றைக்கு நடந்தது உங்களுக்கான சோதனை மட்டும்தான்."

ஷிஃப்னா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதம்பாவா கணக்கைச் சரிபார்ப்பவர் போல யோசித்தார்.

"அப்ப நான் பெயிலானதாலதான் அவ பாஸா?"

"ஓம் மாமா" என்றாள் ஷிஃப்னா.

"மறுகா என்னத்துக்கு ஸவ்தா எனக்கு ரெண்டு நாள் ஏசின?"

சனிக்கிழமை விடியலில் நாங்கள் கொழும்புக்குக் கிளம்ப வேண்டும். வண்டியைக் கடற்கரையில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வலை ஏற்கெனவே கடலுக்குள் வளைந்து கிடந்தது. இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் சாய்ந்து நின்றார்கள். எங்கள் பக்கத்துக் கயிற்றின் வாலில் ஆதம்பாவா, ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, நடுநடுவே கைகொடுத்துக்கொண்டு. முன்வரிசைப் பொடியனுக்குக் கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று வாலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்.

"மாமா கதைக்கிறத நிப்பாட்டினா ஒடனே கயித்த வாங்கிருங்க" என்று ஷிஃப்னா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"இவ்வளவு காலமும் இவர்ட வாய எப்படி நிப்பாட்டிற எண்டுதான் யோசிச்சோம்" என்றார் ஜவாத். "இப்ப நிப்பாட்ட உடக் கூடாதாம்!"

வலை நெருங்கியது. தண்ணீருக்குள் வெள்ளி புரள்வது தெரிந்தது. ஆட்களின் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கால்கள் மணலில் ஊன்றும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, ஆதம்பாவாவின் குரலும் இல்லை.

ஜவாத் திரும்பினார். "காக்கா?"

பதில் இல்லை. கயிற்றில் கையிருந்தது, கண் கடலில் இருந்தது. "காக்கா! கதைங்க!" ஜவாத் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார். மௌஜூத் முதலுதவிப் பையைத் தூக்கினார். எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் ஷிஃப்னா. அவள் அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"மாமா, என்ன செய்யிது?"

அவர் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்ததை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "ஸலவாத்து ஓதுறேன் புள்ள. முதல் வல கரைக்கி வரக்குள்ள வாய்க்குள்ள ஸலவாத்து ஓதுறது எங்கட வழக்கம். அதுக்குள்ள எப்படிக் கதைக்கிற?"

ஜவாத் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஸவ்தா நெஞ்சில் கைவைத்தபடி மேட்டிலிருந்து கத்தினார். "அப்பயெண்டா சத்தமா ஓதுங்க! புள்ளைக்கி மூச்சுக் கேக்கணும்!"

"சத்தமா ஓதலாமா?" என்று அவர் ஷிஃப்னாவைக் கேட்டார். "பாட ஏலாதெண்டு சொன்னயே."

"இது பாட்டில்லயே மாமா. ஓதுங்க."

அவர் குரலெடுத்து ஓதினார். நல்ல குரல் இல்லை, அது உண்மைதான். ஆனால் கயிற்றில் நின்ற அடுத்த ஆளும் அதைப் பிடித்துக்கொண்டார், பிறகு அதற்கு அடுத்தவர், பிறகு முன்வரிசைப் பொடியன். நபியின் மீதான வாழ்த்து கயிற்றின் வழியே முன்னால் போயிற்று. வெறும் கையோடு மணலில் கிடந்த ஜவாத்தும் எழுந்து போய்த் தன் இடத்தைப் பிடித்தார். எதிர்க் கயிற்றிலிருந்தும் குரல் வந்தது. வலை கரையேறியது.

வண்டி கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷிஃப்னா மட்டும் தலையைச் சாய்த்து, அத்தனை குரல்களுக்கும் நடுவில் ஒரே ஒருவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.